வெயில் படாமல் பிடித்த குடை

மைனி,

கேமராப் பையைத் திறந்ததும் எனக்குத் தும்மல்தான் வந்தது. ஒன்றோடு நிற்கவில்லை, அடுக்கடுக்காக வந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பக்கத்தில் நின்ற அண்ணன் நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "வேண்டாம்ட்டி, மூடி வை, பொறவு பாக்கலாம்" என்று பையைப் பிடுங்க வந்தார். "அழல்ல அண்ணா, மொளகா வத்தல் நெடி" என்றேன். சொல்லி வாயை மூடுமுன் அவருக்கும் ஒரு தும்மல். உங்கள் கேமராவைச் சுற்றி நின்று நாங்கள் இரண்டு பேரும் போட்ட தும்மலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கும்.

நீங்கள் போன அன்றைக்குப் பிறகு அந்தப் பை வீட்டில் தன் கண்ணில் படக்கூடாது என்று அண்ணன் அதைத் தன் ஆரியசாலை வத்தல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், வத்தல் மூட்டைகளுக்கு மேலே ஒரு பலகையில் வைத்துவிட்டார். மழைக்காலம் முழுக்க அங்கேதான் இருந்தது. பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து நீங்கள் அரிசிப் பானைக்குள் பொதிந்து காத்த சாமான் அது. "சோத்துக்கு அரிசி எடுக்கப் போனா கேமராதான் கையில வருது" என்று நான் முணுமுணுக்காத நாள் உண்டா? ஆனால் பாருங்கள், வத்தல் கடைச் சூட்டில் லென்ஸுக்கு ஒரு கேடும் இல்லை. துடைத்து வைத்தது போல இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, அண்ணன் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "அவ கடைசியா எடுத்த படம் இதுக்குள்ளதான இருக்கு? எனக்கு அதப் பாக்கணும்" என்றார். பிறகு சொன்னார்: "அவ கஷ்டப்பட்டாளா இல்லியான்னு எனக்குத் தெரியணும். ஆசுபத்திரியில கேட்டா, நெஞ்சு சட்டுன்னு நின்னுபோச்சுன்னு சொல்லுகா. சட்டுன்னா எப்பிடி? நீ பக்கத்துலதான நின்ன? அத மட்டும் நீயும் சொல்ல மாட்டேங்க."

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினால் தொடும் தூரம். ஆனால் நான் உங்களைப் பார்க்கவில்லையே மைனி. பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் கைதான் எழுதுகிறது, மனசு நம்ப மாட்டேன் என்கிறது. அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் இப்போதும் "மைனி, என்னத்தப் போட்டீங்க?" என்று கூப்பிட்டுவிடுகிறேன். எட்டிப் பார்க்கிறேன். அங்கே பூனை நிற்கிறது.

நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் நாத்தனாரும் மைனியுமாக இத்தனை வருஷம் சண்டையில்லாமல் இருந்ததற்குக் காரணம் பூச்சிகள்தான் என்று நான் ஆபீஸில் சொல்வேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கும் ஒருத்தியைக் கண்டு எந்த மைனியும் கொஞ்ச நாளில் முகம் சுளிப்பாள். நீங்களோ, உங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது போட்டுவிட்டுப் போன பழைய கேமராவை என் கையில் கொடுத்து, "எட்டி, இத எப்பிடி அமுக்கணும்னு பாத்துச் சொல்லு" என்றீர்கள். அத்தோடு நான் மாட்டிக்கொண்டேன். சாலைக் கடைவீதியில் கேமரா ரிப்பேர் பார்ப்பவர்தான் அந்த வழியைச் சொன்னார். லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட ஒரு வளையம் உண்டு, திருப்பி மாட்டினால் கடுகு கூட நெல்லிக்காய் போலத் தெரியும் என்று. வளையத்தை வாங்கி மாட்டி, கிணற்றடித் துளசியில் ஒரு பூவை எடுத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? துளசிப் பூவுக்கு உதடு இருக்கிறது, மயிர் இருக்கிறது, மகரந்தம் ஆரஞ்சு நிறத்தில் மாவு போல ஒட்டியிருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கும்பிடும் செடி. "அம்மாடி! இவ்வளவு நாளும் இது யாரு மொகம்னே தெரியாம கும்பிட்டிருக்கோமே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு அடுக்களை வேலை ஓடவில்லை. சங்குப்பூக் கொடிக்கு அடியில், செம்பருத்தி இலைக்குப் பின்னால், கனகாம்பரத் தொட்டி ஓரத்தில் என்று எங்கேயாவது குந்தியிருப்பீர்கள். குதிக்கும் சிலந்தி ஒன்று முன்னால் நாலு கண்ணை வைத்துக்கொண்டு கேமராவையே பார்த்த படத்தை எனக்குக் காட்டி, "உங்க ஆபீஸ் சூப்பிரண்டு இப்பிடித்தான பாப்பாரு?" என்றீர்கள். மறுநாள் ஆபீஸில் அவர் என்னைக் கூப்பிட்டபோது நான் சிரித்து, அவர் கோபப்பட்டு, அது பெரிய கதையாகிப் போனது.

அண்ணனுக்கு இதெல்லாம் கிறுக்குத்தனம். "ஈயும் எறும்பும் படம் எடுக்கதுக்கு ஒரு கேமரா! சவத்தத் தூக்கிக் கிணத்துல போடுங்கட்டி" என்பார். நம் பக்கத்துப் பேச்சில் சவம் என்ற சொல் வாயில் உப்புப் போலக் கிடக்கும். லாரி தாமதமானால் சவம், கரண்ட் போனால் சவம், குழம்பில் புளி கூடினால் சவம். உங்களை வீட்டுக் கூடத்தில் கிடத்திய நாளிலிருந்து அண்ணன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வாய்வரை வரும். பல்லைக் கடித்து நிறுத்திவிடுவார்.

தலைகீழ் லென்ஸில் ஒரு தொல்லை உண்டு. திருகி ஃபோக்கஸ் பண்ண முடியாது. உடம்பைத்தான் முன்னும் பின்னும் மயிரிழை நகர்த்த வேண்டும். ஒரு மூச்சு விட்டால் போதும், கண் தெளிவாக இருந்த பூச்சிக்கு முதுகு மட்டும் தெளிவாக இருக்கும். அதற்காக நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். குட்டையான குரண்டிப் பலகையில் உட்கார்ந்து, தோளைக் கிணற்றுச் சுவரில் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பித்தானில் வைத்த விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடிப்பீர்கள். கேமரா டக்டக்டக் என்று எடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சரிவீர்கள். பிறகு கேமராவை மடியில் வைத்துத் தலையைக் குனிந்து, பின்னால் உள்ள சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். அத்தனையில் ஒன்றாவது தேறியிருந்தால், அடக்கிவைத்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டு, "கிட்டிச்சு!" என்பீர்கள்.

அந்தக் கிட்டிச்சு வரும்வரை நான் பேசக்கூடாது, அசையக்கூடாது, உங்களைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம். "பூச்சிக்கு நாம ரெண்டு மரம். மரம் பேசுமாட்டி?" என்பீர்கள். ஒருமுறை கொசு கடித்து நான் "ஸ்" என்றதற்கு, ஒரு கும்பிடுபூச்சி ஓடிப்போய்விட்டது என்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அன்றோடு சொல்லிக்கொண்டேன், இனி படம் எடுக்கும் நேரத்தில் இடி விழுந்தாலும் இவளிடம் வாய் திறக்க மாட்டேன் என்று.

குடை வேலை எனக்கு வந்தது அதற்கு முன்னாலேயே. நேர் வெயிலில் எடுத்தால் படம் வெளிறிப்போகிறது, வண்டின் முதுகு கண்ணாடி போலக் கூசுகிறது. வெளிச்சத்தை வடிகட்ட வெள்ளையாக ஏதாவது வேண்டும். பழைய கறுப்புக் குடையின் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, கம்பிகளில் அண்ணனின் வேட்டி ஒன்றை வெட்டித் தைத்தோம். பழசு என்று நினைத்துத்தான் எடுத்தோம். அது அவர் வருஷப்பிறப்புக்கு மட்டும் கட்டுகிற வேட்டி. "எனக்க வேட்டியையா வெட்டினீங்க? பூச்சிக்குப் பந்தல் போடவா?" என்று அவர் தெருவுக்குக் கேட்கிறமாதிரிக் கத்தினார். நீங்கள் அசரவில்லை. "நீங்க கட்டினா யாரு பாக்கா? இனி ஊருல உள்ள பூச்சியெல்லாம் பாக்கும்" என்றீர்கள்.

உண்மையாகவே பார்த்தன. பூச்சியின் கண்ணைப் பெரிதாக்கினால் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்திருக்கும். மேலே நான் பிடித்திருக்கும் குடைதான் அது. எந்தப் படத்தை எடுத்தாலும், தும்பியோ வண்டோ எறும்போ, கண்ணில் அந்தப் பொட்டு இருக்கும். உங்கள் மகள் போனில் சொன்னாள், கம்ப்யூட்டரில் அதை அழித்துவிடலாம் அம்மா, ஒரு நிமிஷ வேலை என்று. நீங்கள் ஒரே பேச்சாக, "வேண்டாம் மக்கா. அது உங்க அத்தையாக்கும்" என்று சொல்லிவிட்டீர்கள். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நீல வரித் தேனீயைக் கண்டுபிடித்தது நீங்கள். வெயில் ஏறிய ஒரு காலையில், காய்ந்துபோன துளசிக் கம்பு ஒன்றில் வாயால் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காலெல்லாம் சுருட்டி, உடம்பு விறைத்து. கறுப்பு வயிற்றில் வெளிர் நீலத்தில் நாலைந்து பட்டை, யாரோ தூரிகையால் இழுத்தது மாதிரி. "பாவம், செத்துப்போச்சு" என்று விரலால் தொட்டீர்கள். அது சட்டென்று உங்கள் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது! நீங்கள் அலறிய அலறலில் நான் குடையைக் கிணற்றுக்குள் போட்டேன். பிறகு பார்த்தால், தினமும் இருட்டும் நேரத்தில் அதே கம்புக்கு வந்து, பல்லால் கவ்விக்கொண்டு, விடியும்வரை அப்படியே தொங்கித் தூங்குகிற ஜாதியாம் அது. வெயில் உடம்பில் பட்டுச் சூடேறினால்தான் எழுந்திருக்கும். "இனி எதையும் அசையாம இருக்குன்னு சொல்லி செத்துப்போச்சுன்னு நெனச்சிராத" என்று எனக்குப் புத்தி சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். அந்த வாக்கை நான் எப்படிக் காப்பாற்றினேன் பார்த்தீர்களா மைனி?

கல்லாறு போனதும் நினைவுக்கு வருகிறது. ஆற்று மணலில் உப்பு உறிஞ்ச வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்காரும் என்று யாரோ சொல்லி, அண்ணனை நச்சரித்துக் காரை எடுக்கவைத்தோம். அவர் கடைப்பக்கம் சாயா குடிக்க உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஈர மணலில் குப்புறப் படுத்துவிட்டீர்கள், புடவையோடு, முகத்தை மண்ணில் வைத்து. நான் குடையோடு பக்கத்தில். பொன்முடி மலை பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெண், யாரோ ஒரு அக்கா விழுந்து கிடக்கிறாள் என்று மலையாளத்தில் கத்தினாள், "ஐயோ! தே ஒரு சேச்சி வீணு கெடக்குந்நு!" நாலைந்து பேர் தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஓடி வந்தார்கள். ஒருவர் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்கக் குனிந்தார். நான் அவர்களை விரட்டிய விரட்டில் அவர்களும் ஓடினார்கள், பூச்சிகளும் பறந்தன. நீங்கள் மணல் ஒட்டிய முகத்தைத் தூக்கி, "உயிரோட இருக்கவள பொணமாக்கப் பாத்தானுவளே" என்றீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பு. நெடுமங்காடு தாண்டியும் நிற்கவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்தார்கள் மைனி. முன்பின் தெரியாதவர்களுக்கு ஓடி வரத் தோன்றியது.

அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ராத்திரி மழை பெய்து, விடிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. புட்டும் பயறும் சாப்பிட்டீர்கள். பயறில் உப்பு போதாது என்று என்னைக் கேலி செய்தீர்கள். அண்ணன் கடைக்குப் போனதும் கிணற்றடிக்கு வந்தோம். நனைந்து கிடந்ததாலோ என்னவோ, நீலப்பட்டைக்காரன் இன்னும் கம்பைக் கடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இறகில் ஒரு துளித் தண்ணீர். "எட்டி, ஓடி வா, வெயில் பட்டா போயிருவான்" என்று நீங்கள் கிசுகிசுத்தீர்கள். நான் குடையைப் பிடித்தேன். நீங்கள் குரண்டியில் உட்கார்ந்து தோளைச் சுவரில் சாய்த்தீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. வெயில் பட்டா போயிருவான்.

டக்டக்டக் என்று கேமரா எடுத்தது. வழக்கத்தைவிட அதிகமாக எடுத்தது. நல்லாக் கிட்டியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் நின்றது. ஓரக்கண்ணில் பார்த்தேன், கேமரா மடியில் இருந்தது, நீங்கள் அதன்மேல் குனிந்திருந்தீர்கள். சரி, படம் பார்க்கிறீர்கள். நான் மறுபடி தேனீயைப் பார்த்தேன். கை கடுத்தது, மாற்றிப் பிடிக்கவில்லை. கிட்டிச்சு என்று சொல்லட்டும் என்று காத்து நின்றேன். சட்டம் சட்டம்தானே? என் ரோஷமும் கூட நின்றது.

அப்போது தேனீ வாயை விட்டது. காலை ஒருமுறை தேய்த்துக்கொண்டது. பறந்து போய்விட்டது.

பூச்சி பறந்தால் நீங்கள் சும்மா இருக்கும் ஆளா? தலையைத் தூக்கி, அது போன திசையைப் பார்த்து ஒரு வசவு விடாமல் இருந்ததே இல்லை. நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "மைனி, அது போச்சு" என்றேன். சட்டத்தை உடைத்து நான் பேசிய முதல் பேச்சு. தோளைத் தொட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்ததைப் பிறகு எல்லோரிடமும் சொன்னார்: "குடையும் பிடிச்சோண்டு நின்னு நிலவிளிக்குவாயிருந்நு, பாவம்." அலறியிருக்கிறேன். குடையைக் கீழே போடாமலே அலறியிருக்கிறேன். அண்ணனுக்குப் போன் பண்ணியதும் அப்படித்தானாம், ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். மரமாக நிற்கச் சொன்னீர்கள், மரமாகவே நின்றுவிட்டேன்.

இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது கேமராவைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கேட்கிறார், கஷ்டப்பட்டாளா என்று. படம் என்ன சொல்லுமோ? கஷ்டப்பட்டாள் என்று அது சொல்லிவிட்டால்? அந்த நேரம் பூராவும் நீங்கள் என்னைக் கூப்பிட முடியாமல் துடித்திருந்தால்? நான் குடை பிடித்துக்கொண்டு தேனீயின் பட்டையை ரசித்திருந்தால்? அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு அவருக்குச் சோறு போடுவேன்?

லேப்டாப்பில் கேமராவின் மெமரி அட்டையைப் போட்டேன். அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்தார். முதல் படம் விரிந்ததும், "இதென்ன, ஈயா?" என்றார்.

"தேனீ. கம்பைக் கடிச்சிட்டுத் தூங்குது."

"தூங்கதுக்கு எதுக்குக் கடிக்கணும்?"

இத்தனை வருஷத்தில் அவர் உங்கள் படம் ஒன்றை உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல்முறை. கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கண்ணுல என்ன வெள்ளையா? பூ விழுந்த கண்ணா?"

"அது உங்க வேட்டி அண்ணா."

அவருக்குப் புரியவில்லை. குடையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். கரையைத் தடவிப் பார்த்தார். "எல்லாப் படத்துலயும் இருக்குமா?" என்றார். எல்லாப் படத்திலும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "செரி, போடு" என்றார்.

ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முகம் தெளிவாக. கண் தெளிவாக. இறகில் தண்ணீர்த் துளி தெளிவாக. அது போதும் உங்களுக்கு, கிட்டிச்சு என்று சொல்லியிருக்கலாம். பிறகு தெளிவு மெதுவாக முதுகுக்குப் போகிறது, கம்புக்குப் போகிறது, பின்னால் இருக்கும் பச்சைக்குப் போகிறது. பிறகு படமே கீழே இறங்குகிறது. துளசித் தண்டு, ஈர மண், அப்புறம் உங்கள் மாம்பழக் கலர்ப் புடவையின் கொசுவம். அதன்பிறகு படம் இல்லை. உங்கள் கையை எனக்குத் தெரியும். காய்ச்சல் அடித்த நாளில் எடுத்த படங்களில் ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும். கோபத்தில் எடுத்தால் ஓரம் இழுத்திருக்கும். இதில் ஒரு நடுக்கம் இல்லை. ஒரு வெட்டு இல்லை. தூங்கிப்போன பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலக் கேமரா இறங்கியிருந்தது.

"கஷ்டப்படல்ல அண்ணா" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "பாருங்க, கை நடுங்கல்ல. வலிச்சிருந்தா ஆடியிருக்கும். இந்த லென்ஸுல மூச்சு விட்டாக் கூட ஆடும்."

அவர் திருப்பிப் போடச் சொன்னார். மூன்று தரம் பார்த்தார். நிம்மதி என்று சொல்ல முடியாது. உடைந்த முதுகு நேரானது போல நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம்தான் படத்தின் கீழே ஓரத்தில் இருந்த, படம் எடுத்த நேரம் அவர் கண்ணில் பட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நான் அலறிக்கொண்டு பண்ணிய போன் எத்தனை மணிக்கு வந்தது என்று அதில் இருக்கும். வியாபாரி அல்லவா, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து உதடு அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போனைக் குப்புறக் கவிழ்த்தார். "கணக்கு பாக்க வேண்டாம்ட்டி" என்றார். "இதுல மட்டும் வேண்டாம். நானும் பாக்கல்ல, நீயும் பாக்காத."

அவர் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் பார்த்துவிட்டேன் மைனி. ஆபீஸில் நாள்முழுக்கக் கூட்டிக் கழிப்பவளுக்கு இது எம்மாத்திரம்? ஒரு நொடி நின்றிருப்பேன், மிஞ்சினால் இரண்டு நொடி என்று இதுவரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நொடிக்கணக்கு இல்லை. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். என் கை அதை எழுதாது.

அண்ணன் கடைசிப் படங்களை மட்டும் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார். "அன்னிக்குக் காலத்த வெயிலு மண்டையப் பொளந்துச்சே. நான் கடை திறக்கும்போ கண்ணு கூசிச்சு. இதுல ஒண்ணுலயும் வெயிலே இல்லியே?"

"குடை பிடிச்சிருந்தேம்லா?"

"அவ கீழ குனிஞ்ச பொறவுமா?"

"கடைசி வரைக்கும்."

அந்தப் புடவைக் கொசுவத்தின்மேல் விரலை வைத்தார். நிழல் ஒரே சீராக, பாலாடை போல மென்மையாக விழுந்திருந்தது. "அப்பம் அவ மேல வெயில் படல்ல" என்றார். "ஒரு பொட்டு வெயில் படல்ல." அத்தனை நாளும் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. இந்தமுறை அவர் வத்தல் நெடி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கதை இத்தோடு முடிந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். இன்று காலை நடந்ததுதான் என்னை உட்காரவைத்தது.

அதே கம்பில் ஒரு தேனீ. அதுவேயா, அதன் தம்பியா, தெரியாது. பல்லால் கடித்துத் தொங்குகிறது. கேமராவை எடுத்துக்கொண்டு குரண்டியில் உட்கார்ந்தேன். இதுவரை உட்கார்ந்ததே இல்லை, அது உங்கள் இடம். குடையை அண்ணன் வாங்கிக்கொண்டார். பிடிக்கத் தெரியாமல், கோயில் உற்சவத்துக்குப் பிடிப்பது போல நெட்டுக்குத்தாகப் பிடித்தார். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன். "அண்ணா, பேசிட்டே இருக்கணும். என்ன ஆனாலும் வாய மூடக்கூடாது. பூச்சி போனா போட்டும்."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசுங்க."

அவர் பேசினார். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு வத்தல் விலையைப் பற்றி. குண்டூர்ச் சரக்கைப் பற்றி. சங்கரன்கோயில் சரக்கு இந்தத் தடவை நிறம் போதாது என்பதைப் பற்றி. சூடேறியதும் கடையில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "முந்தாநேத்து வாறேன்னு சொன்ன லாரி, அந்தச் சவம் இன்னிக்கும் வரல்ல கேட்டியா" என்று கத்தினார். சவம் என்றதும் அவரே ஒருகணம் திடுக்கிட்டார். நானும் திடுக்கிட்டேன். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது பறக்கும், இப்போது பறக்கும் என்று.

பறக்கவில்லை மைனி.

தலைக்குமேல் ஒரு மனுஷன் தொண்டை கிழியக் கத்துகிறார். அது மீசையைக்கூட ஆட்டவில்லை. வெயில்தான் அதற்குக் கணக்கு. பேச்சு ஒரு பொருட்டே இல்லை. பட்டை பட்டையாக, நீலமாக, சாவகாசமாகத் தொங்குகிறது. நாம் எதற்காக மைனி வாயை மூடிக்கொண்டிருந்தோம்? நான் ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டே நின்றிருக்கலாமே. பயறில் உப்பு சரியாகத்தான் இருந்தது என்று சண்டை போட்டுக்கொண்டே நின்றிருக்கலாமே. நீங்கள் பதில் சொல்லாத அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்திருக்குமே. உங்களை நான் மீட்டிருப்பேன் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் தலை சாயும்போது என் கை அங்கே இருந்திருக்கும்.

இனி என்னிடம் இருப்பது இந்தக் குடையும் ஒரு வாயும்தான். குடையை விட மாட்டேன். வாயை மூட மாட்டேன். கீழே அண்ணன் தூங்கினால்கூட வாசலில் நின்று ஏதாவது கேட்டு, "ம்" என்று பதில் வந்தால்தான் மாடி ஏறுகிறேன். அவர் திட்டுகிறார். திட்டட்டும்.

விரலை அமுக்கினேன். ஒன்றாவது தேறியிருக்கும். கேமராவை மடியில் வைத்துத் தலையைக் குனிந்தேன். மேலே வத்தல் விலை சட்டென்று நின்றது. குடை ஆடியது. அண்ணன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எட்டி... கிட்டிச்சா?"

மூச்சை விட்டுவிட்டு, திரையைப் பார்க்காமலே, உடனே சொன்னேன். "கிட்டிச்சு அண்ணா, கிட்டிச்சு."